ஷட்டவுன் வேலைக்கு வளைகுடா கிளம்பும் இளைஞருக்கு: பால்வினை நோய்த் தற்காப்புக்கான முழுமையான வழிகாட்டி

மணலியிலும் எண்ணூரிலும் தொழில் பழகிய வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், ஸ்காஃபோல்டர் பையன்களில் பலர், அக்டோபர் பிறந்ததும் கத்தார், ஓமன், சவூதி, குவைத் என்று ஷட்டவுன் வேலைக்குக் கிளம்புகிறார்கள். கோடை வெயில் தணிந்த பிறகே அங்கே பெரும்பாலும் ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள் என்பதால், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று அடுத்தடுத்து ஒப்பந்தம் கிடைத்து, பங்குனி, சித்திரைக்குள் வீடு திரும்புவது வழக்கம். நான் ரிக்கிங் ஃபோர்மேனாக ஆறு சீசன் போய்வந்தவன். இப்போது தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து முதல்முறை கிளம்பும் பையன்களை, அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் சென்று உட்கார வைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். எந்த மருந்தையும் நான் பரிந்துரைக்கவில்லை. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை நோயால் வந்தவை அல்ல, வரிசை தவறியதால் வந்தவை.

1. காலண்டரைப் பின்னோக்கிப் படியுங்கள்

வேலை அக்டோபரில் என்றால் தயாரிப்பு ஏப்ரலில் தொடங்க வேண்டும். இதைச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் மஞ்சள்காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணை கொண்டது. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது என்பதே வழக்கமான அட்டவணை. ஏப்ரல், மே, அக்டோபர் என்று அது நம் ஓய்வுக் காலத்தோடு கிட்டத்தட்டப் பொருந்தி வருகிறது.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் கால இடைவெளி உண்டு. கிருமி உடலில் நுழைந்த மறுநாளே எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. ஆய்வகத்தில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். விரலில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனைகள் 23 முதல் 90 நாள்வரை எடுத்துக்கொள்ளலாம். எனவே கடைசியாக ஆபத்தான உறவு நடந்து மூன்று மாதம் ஆகாமல் ‘நெகட்டிவ்’ என்று வந்த சீட்டை இறுதி முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏஜென்ட்டிடமிருந்து அழைப்பு வந்த பிறகு இவற்றையெல்லாம் தொடங்க முடியாது. அழைப்பு வந்தால் பத்து நாளில் கிளம்பு என்பார்கள்.

2. ஏஜென்ட் சொல்லும் மெடிக்கலுக்கு முன் உங்கள் சொந்தப் பரிசோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வையுங்கள்.

வளைகுடா வேலை விசாவுக்காக எடுக்கும், காம்கா என்று நம்மவர் இன்றும் சொல்லும் வஃபித் மெடிக்கலில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, மஞ்சள்காமாலை சி, சிஃபிலிஸ் என்கிற மேகப்புண் ஆகியவற்றுக்கு இரத்தம் பார்க்கிறார்கள், காசநோய்க்கு நெஞ்சுப் படம் எடுக்கிறார்கள். முடிவு உங்கள் கைக்கு மட்டும் வருவதில்லை. ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’ என்று ஆன்லைனில் ஏறுகிறது, வளைகுடா நாடுகளின் அதிகாரிகள் அதைப் பார்க்க முடியும். குறுகிய கால விசாவில் போகிறவர்களுக்குக் காம்கா இல்லாமல் கம்பெனியே தனி மெடிக்கல் வைப்பதும் உண்டு. அப்போது முடிவு முதலில் போய்ச் சேரும் இடம் ஏஜென்ட்டின் மேசைதான்.

அரசு நம்பிக்கை மையத்தில் இதற்கு நேர் எதிரான முறை நடக்கிறது. பரிசோதனை இலவசம். இரத்தம் எடுப்பதற்கு முன் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், உங்கள் சம்மதம் இல்லாமல் ஊசி போட மாட்டார்கள், முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார்கள். 18 வயது நிரம்பியவர் பெற்றோரை அழைத்துவர வேண்டியதில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இந்தச் சம்மதத்தையும் இரகசியத்தையும் கட்டாயமாக்குகிறது. வடசென்னையில் உள்ளவர்களுக்குப் பழைய சிறைச் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையே கிட்ட. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் அதிக தூரமில்லை. காலையில் சீக்கிரம் போவது நல்லது, புறநோயாளி வரிசை பத்து மணிக்கு மேல் நீண்டுவிடும்.

போனால் எச்.ஐ.வி.க்கு மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேகப்புண்ணுக்கான வி.டி.ஆர்.எல்., மஞ்சள்காமாலை பி-க்கான எச்.பி.எஸ்.ஏஜி, சி-க்கான சோதனை ஆகியவற்றையும் கேட்டு எடுங்கள். அதே மருத்துவமனையின் தோல், பால்வினை நோய்ப் பிரிவில் சீட்டுப் போட்டு, ‘வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன், முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று சொன்னால் போதும். பால்வினை நோய்ப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் நடை தயங்கும். போன மாதம் ஒரு பையன் அந்த வாசலில் நின்றுகொண்டு, “அண்ணே, நம்ம ஏரியா ஆளு யாராச்சும் பாத்துட்டா?” என்றான். தோல் நோய்க்கும் அதே வாசல்தான், படை என்று சொல்லிக்கொள் என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தான்.

இந்த வரிசைக்குக் காரணம் மூன்று. மேகப்புண் போன்றவை ஊசியில் குணமாகக் கூடியவை, முன்பே தெரிந்தால் குணப்படுத்திக்கொண்டு மெடிக்கலுக்குப் போகலாம். எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தால், விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வட்டிக்கு வாங்கிக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றாவதாக, வாழ்க்கையின் மிக மோசமான செய்தியை ஒரு மெடிக்கல் சென்டரின் வரவேற்பறையில் பத்துப் பேர் முன்னால் கேட்க நேராது.

அடிக்கடி நடக்கும் தவறு, ‘போன வருஷம் மெடிக்கல் ஃபிட்தானே’ என்று விட்டுவிடுவது. அந்தச் சீட்டு அந்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது.

முடிவு பாசிட்டிவ் என்று வந்தால்: நம்பிக்கை மையத்தில் ஒரே சோதனையை வைத்துச் சொல்லிவிட மாட்டார்கள். அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு சோதனைகளில் உறுதிசெய்த பிறகே சொல்வார்கள். உறுதியானதும் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாக உடனே தொடங்கப்படும். தினமும் மருந்து சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. வளைகுடா விசா மட்டும் கிடைக்காது. மருந்தை ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் போனால் ரிப்போர்ட் மாறிவிடும் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. மாறாது. சோதனை பார்ப்பது உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை, அது மருந்தை நிறுத்தினாலும் இருக்கும். மருந்தை நிறுத்தினால் கிருமிதான் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

3. தடுப்பூசி: போடும் நாளில் ஒரு பொறி இருக்கிறது

மஞ்சள்காமாலை பி உடலுறவு வழியாகவும், இரத்தம் பட்ட ஷேவிங் பிளேடு வழியாகவும் பரவும். எச்.ஐ.வி.யை விட மிக எளிதாகத் தொற்றும். அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது 2011 வாக்கில்தான் என்பதால், இன்று இருபது வயதைத் தாண்டிய பையன்களில் பெரும்பாலோருக்கு அம்மா வைத்திருக்கும் தடுப்பூசி அட்டையில் இது இருக்காது. அட்டையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் போட்டதில்லை என்றே கொள்ளுங்கள்.

முதலில் எச்.பி.எஸ்.ஏஜி சோதனை, அது நெகட்டிவ் என்றால் ஊசி. ஏற்கெனவே நோய் இருப்பவருக்கு ஊசி பயன் தராது.

இப்போது அந்தப் பொறியைச் சொல்கிறேன். தடுப்பூசி மருந்தில் இருப்பதே அந்த எச்.பி.எஸ்.ஏஜி என்ற புரதம்தான். ஊசி போட்ட சில நாள்களுக்கு அது இரத்தத்தில் மிதந்து, நோய் இல்லாதவருக்கும் சோதனையில் பாசிட்டிவ் காட்டலாம். சுமார் மூன்று வாரத்துக்குள் மறைந்துவிடும். மெடிக்கலுக்கு நாலு நாள் முன்பு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஊசி போட்டுக்கொண்ட ஒருவன் அன்ஃபிட் ஆனதை நான் நேரில் பார்த்தேன். உடம்பில் ஒன்றுமில்லை. அந்த சீசன் போய்விட்டது. ஆகவே எந்தத் தவணையாக இருந்தாலும், ஊசிக்கும் மெடிக்கலுக்கும் இடையே ஒரு மாதம் விட்டுவிடுங்கள். மூன்றாவது தவணை மெடிக்கலோடு மோதினால் மெடிக்கலை முடித்துவிட்டு ஊசியைப் போடுங்கள். சில வாரம் தள்ளிப் போவதால் முன்பு போட்ட இரண்டும் வீணாகாது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

4. முன்பு மேகப்புண்ணுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள்

இவர்களுக்குத் தனியாக எழுதக் காரணம், குணமான பிறகும் இவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதே.

மேகப்புண்ணுக்கு இரண்டு வகைச் சோதனை உண்டு. வி.டி.ஆர்.எல். ஒரு அளவைச் சொல்லும். சிகிச்சைக்கு முன் 1:32 என்றிருந்தது சில மாதம் கழித்து 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். டி.பி.எச்.ஏ. என்பது வேறு. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், நோய் முழுக்கக் குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் பாசிட்டிவாகவே நிற்கும். மெடிக்கல் சென்டரில் அந்த இரண்டாவதைப் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்தால், உங்களிடம் காட்டப் பேப்பர் இருக்க வேண்டும்.

என்ன பேப்பர்? பென்சிலின் ஊசி போட்ட தேதி, அதற்கு முன்பு இருந்த வி.டி.ஆர்.எல். அளவு, பிறகு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எடுத்த அளவு, சிகிச்சை முடிந்தது என்று டாக்டர் கையெழுத்திட்ட கடிதம். நம்மவர் ஊசி போட்ட மறுநாளே வெட்கப்பட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். கிழித்தது வெட்கத்தை அல்ல, விசாவை. இந்தக் கடிதம் இருந்தாலும் ஃபிட் கொடுப்பது மெடிக்கல் சென்டரின் முடிவுதான். ஆனால் கடிதம் இல்லாமல் வாயால் பேசி ஜெயித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

5. பையில் வைக்க வேண்டியவையும் வைக்கக் கூடாதவையும்

ஆணுறை வையுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். இரு விரலால் அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். தட்டையாக இருந்தால் உறை எங்கோ ஓட்டையாகியிருக்கிறது.

பர்ஸில் வைக்காதீர்கள். உடம்புச் சூடும் உரசலும் சேர்ந்து ரப்பரை நோகடிக்கும். வளைகுடாவில் வண்டியின் டேஷ்போர்டில் வைப்பது அதைவிட மோசம். குளிர்காலத்திலும் மூடிய வண்டிக்குள் உச்சிவெயிலில் இருக்கும் சூட்டை அங்கே போனவர் அறிவார். அறையில் அலமாரிக்குள், சட்டைகளுக்கு இடையில் வைத்தால் போதும்.

எண்ணெய் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெய், வாசலின், கைக்குப் பூசும் கிரீம் எல்லாமே ரப்பர் ஆணுறையைச் சில நிமிடத்தில் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். வழவழப்பு வேண்டுமானால் தண்ணீரால் ஆன ஜெல் மட்டும். ‘டபுள் பாதுகாப்பு’ என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவதும் கிழிவதற்கே வழி.

மாத்திரைகளில் கவனம் தேவை. நம் மெடிக்கல் ஷாப்பில் உடம்புவலிக்கு வாங்கும் ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் சிரப் போன்றவை வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். சீட்டு இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்குதான். எந்த மருந்தானாலும் டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ‘முன்ஜாக்கிரதை’ என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். அது எப்படித் தவறாகப் போகிறது என்று 8-ம் பகுதியில் சொல்கிறேன்.

6. கேம்ப்பில்: ஆபத்து எந்த நாளில், எந்த இடத்தில் வருகிறது

ஷட்டவுன் என்றால் பன்னிரண்டு மணி ஷிஃப்ட். முதல் மூன்று வாரம் யாருக்கும் எதற்கும் தெம்பு இருக்காது. என் அனுபவத்தில் ஆபத்து வருவது வேலை முடிந்து, டிமொப் ஆவதற்கு, அதாவது ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காத்திருக்கும் அந்தக் கடைசி ஒரு வாரத்தில்தான். ஓவர்டைம் பணம் கையில், வேலை இல்லை, பழைய ஆள் ஒருவன் ‘வா, இடம் காட்டுறேன்’ என்கிறான். முதல்முறை போகும் பையனால் சீனியரிடம் மாட்டேன் என்று சொல்ல முடிவதில்லை, கூடவே குடியும் சேர்ந்தால் பையில் இருக்கும் ஆணுறை நினைவுக்கு வருவதும் இல்லை. ஆகவே முடிவை அந்த ராத்திரியில் எடுக்காதீர்கள். ‘போவதில்லை’ என்றோ ‘போனால் உறை இல்லாமல் இல்லை’ என்றோ விமானம் ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் கொடுத்து உறவு கொள்வது வளைகுடா நாடுகளில் குற்றம். திருமணத்துக்கு வெளியே உறவும், ஆணும் ஆணும் உறவுகொள்வதும் அங்கே பல நாடுகளில் சிறையும் நாடுகடத்தலும் கிடைக்கும் குற்றங்கள். அதைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் ஆட்களும் அதே இடங்களில்தான் நிற்கிறார்கள்.

ஆண்களுக்குள் நடப்பதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை, கேம்ப்பில் மட்டும் எல்லோருக்கும் தெரியும். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. ஆசனவாய் வழி உறவில் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு மற்ற வழிகளைவிட அதிகம், அதிலும் உள்வாங்குபவருக்கு மிக அதிகம் என்பதால் அங்கே ஆணுறையும் ஜெல்லும் கட்டாயம். ‘பொம்பள சமாச்சாரம் இல்லையே, இதுல என்ன வரும்’ என்று என்னிடமே கேட்ட பையன் உண்டு. வாய்வழி உறவிலும் வெட்டை (கொனோரியா), மேகப்புண் இரண்டும் தொற்றும்.

உறவே இல்லாமலும் ஒன்று நடக்கிறது. விடுமுறை நாளில் கேம்ப் வராந்தாவில் நம்மில் ஒருவர் கத்தரிக்கோலும் ரேசரும் எடுத்து உட்கார்வார், வரிசையாகப் பத்துத் தலை. பிளேடு மாற்றினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. மஞ்சள்காமாலை பி-யும் சி-யும் அந்த பிளேடில் பயணம் செய்யும். உங்கள் பிளேடை நீங்களே கொண்டுபோய் நீட்டுங்கள். பச்சை குத்திக்கொள்வதை ஊருக்கு வந்து, புது ஊசி பிரிப்பதைக் கண்ணால் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

7. உறை கிழிந்தது, அல்லது உறை இல்லாமல் நடந்துவிட்டது: முதல் 72 மணி நேரம்

டெட்டால் ஊற்றாதீர்கள். எலுமிச்சைச் சாறு, உப்பு, பெட்ரோல் வரைக்கும் போனவர்களை அறிவேன். இவை தோலைப் புண்ணாக்கும், புண்ணான தோலில் கிருமி இன்னும் எளிதாக நுழையும். தண்ணீரில் மென்மையாகக் கழுவினால் போதும்.

எச்.ஐ.வி.க்குப் ‘பெப்’ என்ற தடுப்பு மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மூன்று நாள் முடிந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் கதவு மூடிவிட்டது என்று பொருள். வெளிநாட்டில் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேட்க வேண்டும். தொடங்கும் முன் இரத்தம் எடுப்பார்கள். கிளம்பும் முன்பே எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்துகொண்டவருக்கு இந்த இடத்தில் பயம் பாதியாகிவிடும். ஊர் திரும்பும் நாள் பக்கத்தில் இருந்தால் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக ஏ.ஆர்.டி. மையம் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போனால் நேரத்துக்குள் தொடங்கிவிட முடியலாம்.

யாராவது உங்களை வற்புறுத்தியோ, குடிக்க வைத்தோ இதைச் செய்திருந்தால், அது ஆணுக்கு நடந்தாலும் பெண்ணுக்கு நடந்தாலும் மருத்துவக் கணக்கு இதே 72 மணி நேரம்தான். அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மூன்று நாள் அழுத ஒரு பத்தொன்பது வயதுப் பையனை எனக்குத் தெரியும். இந்தியத் தூதரகத்தின் உதவி எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள். துபாயில் உள்ள, நம் அரசின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் இலவச எண் 800 46342. வீட்டு வேலைக்கும் பியூட்டி பார்லர் வேலைக்கும் போகும் நம் பெண்கள் இதோடு கருத்தடை அவசர மாத்திரையையும் இதே மூன்று நாள் கணக்கில் நினைவில் வைக்க வேண்டும். திருமணப் பேப்பர் இல்லாத கர்ப்பம் அங்கே சில நாடுகளில் மருத்துவப் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை.

8. அறிகுறி தெரிந்தால்

நாள் கணக்கை வைத்து ஓரளவு யூகிக்கலாம். இரண்டு முதல் ஐந்து நாளில் சிறுநீர் போகும்போது எரிச்சலும் சீழும் வந்தால் பெரும்பாலும் வெட்டை. ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் இலேசான எரிச்சலும் நிறமற்ற கசிவும் என்றால் கிளமிடியாவாக இருக்கலாம். அது பலருக்கு அறிகுறியே காட்டாது. சிறு சிறு கொப்புளமாக வந்து வலித்தால் அக்கி வகை.

எல்லோரும் கோட்டை விடுவது வலிக்காத புண்ணைத்தான். மேகப்புண் தொற்றிய பத்திலிருந்து தொண்ணூறு நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், ஒரே ஒரு கடினமான புண் வரும். வலி இருக்காது. ஒன்றும் செய்யாமல் விட்டால் சில வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆறியதும் பையன் நிம்மதியாகிவிடுவான். நோய் ஆறவில்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த தடிப்பாகத் திரும்பி வரும், அதைக் கம்பெனி கையுறையின் அலர்ஜி என்று சொல்லி களிம்பு தடவுவார்கள்.

மாத்திரை பகிர்வதன் கேடு இங்கேதான் தெரியும். நம் அரசு பால்வினை நோய் மையங்களில் நோய்க்கேற்ப நிறம் பிரித்த மருந்துப் பெட்டிகள் கொடுக்கிறார்கள். சீழ் வடிவதற்குச் சாம்பல் நிறப் பெட்டி, அதில் அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் இருக்கும். புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி, அதில் பென்சிலின் ஊசி மருந்து உண்டு. ஒருவன் ஊரிலிருந்து கொண்டுவந்த சாம்பல் பெட்டியைப் பக்கத்துக் கட்டில்காரன் தன் வலிக்காத புண்ணுக்குச் சாப்பிட்டான். புண் தானாக ஆறும் பருவத்தில் ஆறியது, மருந்து வேலை செய்தது என்று நான்கு பேரிடம் சொன்னான். அடுத்த மெடிக்கலில்தான் வி.டி.ஆர்.எல். அவனுக்கு உண்மையைச் சொன்னது.

கம்பெனி கிளினிக்கில் காட்டலாமா என்று கேட்பார்கள். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் அங்கே போங்கள். இதற்கு, முடிந்தால் வெளியே உள்ள தனியார் பாலிகிளினிக்கில் மலையாளியோ தமிழரோ டாக்டராக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். மொழி புரிந்தால் எல்லாவற்றையும் சொல்வீர்கள், சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும். எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றால் வளைகுடா நாடுகளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது உண்மை. அதை நினைத்து, ஒரு ஊசியில் தீரும் நோயையும் மறைத்து வைப்பதுதான் நான் பார்த்த பெரிய மடத்தனம்.

ஒரு அறிகுறிக்கு மட்டும் எதையும் யோசிக்காதீர்கள். விரையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால், அது பால்வினை நோயாக இல்லாமல் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரம் தாண்டினால் விரையைக் காப்பாற்றுவது கடினம். அந்த நிமிடமே ஃபோர்மேனை எழுப்புங்கள்.

9. ஊர் திரும்பிய பிறகு

விமான நிலையத்தில் அம்மா, மனைவி, குழந்தை எல்லோரும் நிற்பார்கள். கல்யாணம் நிச்சயமாகி, சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கென்றே லீவு போட்டு வந்தவர்களும் உண்டு. இங்கேதான் ஒருவருடைய ஆபத்து இரண்டு பேருடையதாக ஆகிறது.

வெளிநாட்டில் ஆபத்தான உறவு நடந்திருந்தால், திரும்பிய முதல் வாரத்திலேயே நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். ஆலோசகரிடம் கடைசிச் சம்பவத்தின் தேதியைச் சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அடுத்த தேதியைக் குறிப்பார். ஆறாவது வாரத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் முடிந்து ஒன்று என்று எடுத்தால் கணக்கு முடியும். மேகப்புண் சோதனையும் அதே மூன்று மாதக் கணக்கில் திரும்ப எடுக்க வேண்டும். அதுவரை வீட்டிலும் ஆணுறை.

மனைவியிடம் என்ன சொல்வது? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத திருமணமானவரே இல்லை. முழுவதும் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது என்று நான் நினைக்கிறேன், ஆனால் எல்லோராலும் அது முடியாது என்பதையும் பார்த்திருக்கிறேன். ‘வெளிநாட்டு மெடிக்கலில் மறுபடி பார்க்கச் சொன்னார்கள், மூன்று மாதம் கவனமாக இருக்க வேண்டும்’ என்றாவது சொல்லுங்கள். அவர் கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தாலோ இந்த ஒற்றை வரி போதாது. இருவரும் சேர்ந்து ஆலோசகர் முன்னால் உட்காருங்கள். கர்ப்பிணிக்கு நோய் முன்கூட்டித் தெரிந்தால் குழந்தைக்குப் பரவாமல் தடுக்க மருந்து இருக்கிறது. உங்களுக்கு வெட்டையோ மேகப்புண்ணோ உறுதியானால் அவருக்கும் சேர்த்தே சிகிச்சை எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் நோய் மற்றவரிடமிருந்து மறுபடியும் திரும்பி வரும்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால், முதலில் 1097-க்கு அழைத்துப் பேசுங்கள். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கான தேசிய இலவச உதவி எண் அது. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அடுத்த சீசனுக்கு மண்ணடியில் ஏஜென்ட் ஆபீஸ் படியேறும் முன், அந்த உறையைப் பிரித்து, எந்தத் தேதி காலாவதியாகிவிட்டது, எந்த ஊசி மிச்சம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.